தீர்ப்புக்கும் சாவிக்கும் நடுவே

வாடகை வீட்டைக் காலி செய்யும்படி நீதிமன்றம் உத்தரவிட்டால் மறுநாள் காலையில் சாவி கைக்கு வந்துவிடும் என்று, வழக்குத் தொடுக்கும் வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் நம்புகிறார்கள். உத்தரவு வந்த அன்று மாலையே தங்கள் கட்டிலும் பாத்திரமும் தெருவுக்கு வந்துவிடும் என்று குடியிருப்பவர்கள் அஞ்சுகிறார்கள். இரண்டு நினைப்பும் ஒரே பிழையிலிருந்து பிறப்பவை. உரிமை இன்னாருக்கு என்று சொல்லும் உத்தரவு ஒன்று. அந்த உரிமையைக் கட்டடத்தின் வாசலில் போய் நடத்திக்கொடுக்கும் நடவடிக்கை வேறு. பின்னதற்கு இன்னொரு மனுவும், இன்னொரு எண்ணும், இன்னொரு வாய்தா வரிசையும் உண்டு. நாகர்கோவிலில் வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் நெடுங்காலம் குமாஸ்தாவாக இருந்து, இந்த இரண்டாவது வகை வழக்குக் கட்டுகளையே அதிகம் சுமந்தவன் என்பதால், நடுவே கிடக்கும் இந்தத் தூரத்தைப் பற்றி விரிவாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

இது புதிய தொல்லையும் அன்று. இந்தியாவில் வழக்காடுகிறவரின் துன்பம் தீர்ப்பாணை பெற்ற பிறகே தொடங்குகிறது என்ற பொருளில், அந்நாளில் இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் 1872ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டது. அந்தக் கருத்தை நம் உச்ச நீதிமன்றம் இன்றளவும் எடுத்துக்காட்டி வருந்துகிறது. தீர்ப்பாணையை நடத்திக்கொடுக்கக் கோரும் நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அது 2021இல் ஒரு தீர்ப்பில் வலியுறுத்தியது. 2025இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் அதையே மீண்டும் வலியுறுத்த வேண்டியிருந்தது. ஒரே கட்டளையை இரண்டு முறை சொல்ல நேர்ந்ததிலிருந்தே கீழ்நீதிமன்றங்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

முதலில் எந்த வாசலில் ஏறுவது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் வாடகை விவகாரங்களை நெடுங்காலம் ஆண்டது 1960ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். அதன் இடத்துக்கு 2017ஆம் ஆண்டில் நிறைவேறிய நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. மாவட்ட ஆட்சியர் நியமிக்கும் வாடகை அதிகாரி, அவருக்கு மேல் வாடகை நீதிமன்றம், அதற்கு மேல் வாடகைத் தீர்ப்பாயம் என்று மூன்று படிகள் இதில் உள்ளன. இந்தச் சட்டம் நகர்ப்புறங்களுக்கு உரியது என்று கேட்டதும், நாகர்கோவில் மாநகராட்சிக்கு வெளியே தங்களுக்கு இதில் வேலையில்லை என்று நம் ஊர்க்காரர்கள் பலர் எண்ணிவிடுகிறார்கள். நகர்ப்புறம் என்பதில் பேரூராட்சிகளும் அடங்கும். ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் கொண்டது நம் கன்னியாகுமரி மாவட்டம். சுற்றிலும் வாழையும் ரப்பரும் நிற்க, நடுவே நாலு கடையும் ஒரு பேருந்து நிறுத்தமும் உள்ள இடம்கூடச் சட்டத்தின் கண்ணில் நகரமாக இருக்கக்கூடும். எனவே வீடு ஊராட்சியில் இருக்கிறதா, பேரூராட்சியில் இருக்கிறதா என்பதை வீட்டு வரி ரசீதைப் பார்த்து உறுதி செய்யாமல் வழக்கறிஞரின் படியேறுவதில் பயனில்லை.

கிராம ஊராட்சி எல்லைக்குள் உள்ள கட்டடம் என்றால் பழைய பாதைதான். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி மாத வாடகைக்கு இருப்பவருக்குப் பதினைந்து நாள் அறிவிப்புக் கொடுத்து, வாடகை உறவை முடித்து, உரிமையியல் நீதிமன்றத்தில் சுவாதீனம் (வீடு கைக்குத் திரும்புதல்) கேட்டு வழக்குத் தொடுக்க வேண்டும். நீதிமன்றக் கட்டணம் வழக்குக்கு முந்திய ஓராண்டு வாடகையை அடிப்படையாகக் கொண்டது என்பதால் செலவு பெரிதில்லை. அறிவிப்பில் நாள் கணக்குச் சற்றுப் பிசகினாலும் வழக்கே விழுந்துபோன ஒரு காலம் இருந்தது. 106ஆம் பிரிவில் பின்னர் வந்த திருத்தம் அந்தப் பொறியை அகற்றிவிட்டது. நாகர்கோவில், இரணியல், பத்மநாபபுரம், குழித்துறை, பூதப்பாண்டி என்று நீதிமன்றங்கள் மாவட்டம் முழுவதும் பரவியிருப்பதால் எல்லை சார்ந்த குழப்பமும் அதிகம் இல்லை.

புதிய சட்டம் விரும்புவது எழுத்தை. வாடகை உறவு எழுத்தில் இருக்க வேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும், பதிவாகாத ஒப்பந்தம் சாட்சியமாக ஏற்கப்படாது என்பது அதன் அமைப்பு. நம் மாவட்டத்தின் நடைமுறை வேறு. ஒருவர் அறிமுகம் செய்ய, இன்னொருவர் முன்பணம் கொடுக்க, சாவி கைமாறுவதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மிகுந்த எச்சரிக்கைக்காரர்கள் பதினோரு மாதத்துக்கு ஒரு முத்திரைத்தாளில் எழுதி, அதைப் புதுப்பிக்காமல் பீரோவுக்குள் வைத்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் பதிவு இணையவழியில் நடப்பது; அலைச்சல் குறைவு. எழுத்து ஒப்பந்தமே இல்லாத வீட்டுக்காரரைச் சட்டம் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. 21ஆம் பிரிவில் காலி செய்யக் கேட்பதற்கான காரணங்கள் வரிசையாக உள்ளன; எழுத்து ஒப்பந்தத்துக்கு இரு தரப்பும் வர முடியாமல் போனதே அவற்றில் ஒன்று. இரண்டு மாத வாடகைப் பாக்கி, எழுத்து அனுமதியின்றி வேறொருவருக்குக் கைமாற்றுவது, அறிவிப்புக்குப் பிறகும் கட்டடத்தைத் தவறாகப் பயன்படுத்துவது, ஆள் இருக்கும்போது செய்ய முடியாத பழுதுபார்ப்பு அல்லது இடித்துக் கட்டுதல், உரிமையாளரின் அல்லது அவர் குடும்பத்தாரின் சொந்தத் தேவை ஆகியவை மற்ற முக்கியக் காரணங்கள்.

வாடகைப் பாக்கி என்ற காரணத்தைப் பற்றிக் குடியிருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு சலுகை உண்டு. பாக்கியைக் கேட்டு அறிவிப்பு வந்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டிவிட்டால் அந்தக் காரணத்தின் மேல் காலி செய்யும் உத்தரவு பிறக்காது. இதை அறியாமல், அறிவிப்பை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் வழக்கே வராது என்று நினைப்பவர்கள், கிடைத்திருக்கக்கூடிய ஒரே வாய்ப்பைத் தாங்களே கழித்துவிடுகிறார்கள். வாங்க மறுத்த தபாலைச் சேர்ந்த தபாலாகவே நீதிமன்றம் கருதும்.

சொந்தத் தேவை என்ற காரணம் நம் மாவட்டத்தில் தனிச் சிக்கலுடையது. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கிறார். வீடு மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ இருக்கிறது. பவர், அதாவது அவருக்காகச் செயல்படும் அதிகாரப் பத்திரம், எழுதி வாங்கிய மச்சினரோ மாமனாரோ வழக்கை நடத்துகிறார். மனுத் தாக்கல் செய்யப் பவர் போதும். ஆனால் உரிமையாளரின் மனத்தில் உள்ள தேவையை, அவருக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்த செய்திகளை, அவருக்குப் பதிலாகப் பவர் பெற்றவர் கூண்டிலேறிச் சொல்ல முடியாது என்பது உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்ட நெறி. திரும்பி வந்து குடியிருக்கப் போகிறேன் என்பதை அவரே சொல்ல வேண்டும். காணொலி வழியே சாட்சியம் அளிக்க வழி பிறந்த பிறகு இந்தச் சுமை ஓரளவு குறைந்திருக்கிறது. அதற்கு முன்பு, விடுமுறைக்கு வரும் வீட்டுக்காரரின் விமானச் சீட்டும் நீதிமன்றத்தின் வாய்தாவும் ஒத்துப்போகாமல் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் கிடந்தன.

இங்கே ஒற்றியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். குமரி மாவட்டத்தில் இதைப் பேசாமல் வீட்டு வழக்கைப் பேசுவது முழுமையாகாது. வீட்டுக்காரருக்கு ஒரு பெருந்தொகை தேவைப்படுகிறது. அதைக் கொடுப்பவர் வாடகையில்லாமல் வீட்டில் குடியிருக்கிறார். தொகைக்கு வட்டியில்லை, வீட்டுக்கு வாடகையில்லை. தொகை திரும்பும் நாளில் வீடு திரும்பும். மகளின் திருமணம், வெளிநாட்டு விசா, மருத்துவமனைச் செலவு என்று எத்தனையோ குடும்பங்கள் இந்த ஏற்பாட்டால் கரையேறியிருக்கின்றன. சட்டத்தில் இது வாடகை உறவே அன்று. அனுபவத்தோடு கூடிய அடமானம். ஆகவே ஒற்றிக்காரரை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்துக்குப் போக இயலாது. ஒற்றித் தொகையைத் திருப்பிக் கொடுத்து மீட்க வேண்டும். அவர் வாங்க மறுத்தால் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 83ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் தொகையைக் கட்டலாம், அல்லது மீட்பு வழக்குத் தொடுக்கலாம். மீட்பு வழக்கில் முதல்நிலைத் தீர்ப்பாணை, பணம் கட்டுவதற்கான கெடு, பின்னர் இறுதித் தீர்ப்பாணை என்று படிகள் உண்டு.

நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள தொகைக்கு எழுதப்படும் இத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும் என்று சட்டம் சொல்ல, பல லட்சத்துக்கான ஒற்றிகள் வெறும் முத்திரைத்தாளில் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு நின்றுவிடுகின்றன. பதிவுச் செலவை மிச்சப்படுத்துவது இரு தரப்புக்கும் அன்று லாபமாகத் தெரிகிறது. தகராறு வரும்போது, அது ஒற்றியா, முன்பணம் கூடிய வாடகையா, வெறும் கடனா என்பதைத் தீர்மானிப்பதற்கே வழக்கின் பாதிக் காலம் கழிந்துவிடுகிறது. தொகையில் பாதியை ஒற்றியாகவும், அதோடு மாதாமாதம் ஒரு சிறு வாடகையையும் வைத்து எழுதிக்கொள்ளும் கலப்பு ஏற்பாடுகள் இன்னும் மோசமானவை. அவற்றைப் படித்து எந்த நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது என்று முடிவெடுப்பதற்குள் மூத்த வழக்கறிஞர்களே தயங்குவார்கள். ஒற்றிக்கு ஆண்டுகள் பல கடந்துவிட்டதால் வீடு தமக்கே சொந்தமாகிவிட்டது என்று வாதிடும் ஒற்றிக்காரர்களும் இருந்தார்கள். அனுபவ அடமானத்தில் காலம் கடந்ததொன்றே உரிமையாளரின் மீட்புரிமையை அழித்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்ன பிறகு அந்த வாதத்தின் வலிமை குன்றிவிட்டது.

இனி உத்தரவு வந்துவிட்டதாகக் கொள்வோம். பெரும்பாலும் அதில் ஒரு கெடு இருக்கும். இரண்டு மாதமோ மூன்று மாதமோ நீதிபதியின் முடிவைப் பொறுத்தது. பள்ளித் தேர்வு நெருங்கும் மாதங்களில், பிள்ளைகள் படிக்கும் வீடாக இருந்தால், கல்வியாண்டு முடியும்வரை அவகாசம் கேட்பது வழக்கம். நீதிபதிகள் அதை அநேகமாக மறுப்பதில்லை. கெடு நாளில் காலி செய்கிறேன் என்று உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்து அவகாசம் வாங்கியவர், அதை மீறினால் நீதிமன்ற அவமதிப்பு என்ற வேறொரு பள்ளத்தில் விழக்கூடும்.

மேல்முறையீட்டைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கை இரு தரப்பிலும் உண்டு. மேல்முறையீடு தாக்கலாகிவிட்டால் கீழ்நீதிமன்ற உத்தரவு தானாக நின்றுவிடும் என்பதே அது. அப்படி நிற்காது, தடையுத்தரவு தனியாகக் கேட்டுப் பெற வேண்டும் என்பதை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆம் கட்டளை வெளிப்படையாகச் சொல்கிறது. தடை கேட்பவர் பழைய வாடகையையே கட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருந்துவிட முடியாது என்றும், தடைக்கு நிபந்தனையாகச் சந்தை நிலவரத்தையொட்டிய தொகையைக் கட்டச் சொல்லலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2004 டிசம்பரில் ஆத்மா ராம் பிராப்பர்ட்டீஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. நாகர்கோவில் கடைவீதியில் முப்பது ஆண்டுக்கு முந்திய வாடகையில் இருக்கும் கடைக்காரர்களுக்கு அந்தத் தீர்ப்பே மேல்முறையீட்டின் மேலிருந்த ஆசையைக் குறைத்தது. அதற்கு மேல் போவதென்றால் மதுரை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் தொடங்குவதற்கு முன்பு ஒரு தடையுத்தரவுக்காக நம் ஆட்கள் சென்னைவரை இரவுப் பயணம் செய்தார்கள்.

கெடு முடிந்தும் ஆள் நகரவில்லை என்றால் நிறைவேற்று மனு. நீதிமன்ற வளாகத்தில் இதை எல்லாரும் ஆங்கிலப் பெயரின் (எக்ஸிக்யூஷன் பெட்டிஷன்) முதலெழுத்துகளால் இ.பி. என்றே சொல்வார்கள். சுவாதீனத் தீர்ப்பாணையைப் பன்னிரண்டு ஆண்டுக்குள் நிறைவேற்றிக்கொள்ளலாம் என்று காலவரையறைச் சட்டம் தாராளமாக இடம் கொடுக்கிறது. அந்தத் தாராளத்தை நம்பித் தூங்குவது நல்லதன்று. தீர்ப்பாணைக்குப் பிறகு இரண்டு ஆண்டு கடந்துவிட்டாலோ, வாடகைக்கு இருந்தவர் இறந்து வாரிசுகள்மேல் மனுப் போட நேர்ந்தாலோ, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் கட்டளையின் 22ஆம் விதிப்படி முதலில் அறிவிப்பு அனுப்ப வேண்டியிருக்கும். அறிவிப்பு என்றால் அது சேருவதற்கு ஒரு வாய்தா, சேரவில்லை என்றால் கதவில் ஒட்டுவதற்கு ஒரு வாய்தா, எதிருரைக்கு ஒரு வாய்தா. புதிய வாடகைச் சட்டத்தின்கீழ் இந்தப் பகுதி சுருக்கமானது. எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்ததிலிருந்து முப்பது நாளில் நிறைவேற்று மனுவை முடிக்க வேண்டும் என்று 39ஆம் பிரிவு சொல்கிறது. வங்கிக் கணக்கைப் பற்றுகை செய்து முடக்கவும், வழக்கறிஞர் ஒருவரை நியமித்துச் சுவாதீனம் ஒப்படைக்கவும், செலவைக் கட்டச் சொல்லிக் காவல்துறை உதவியை வரவழைக்கவும் அந்தப் பிரிவில் அதிகாரம் உண்டு.

மனு அனுமதிக்கப்பட்டதும் பேட்டா, அதாவது வாரண்டை நடத்தும் செலவுக்கான கட்டணம், கட்ட வேண்டும். பேட்டா கட்டினால் சுவாதீன வாரண்ட், நீதிமன்றத்தில் அழைப்பாணை, வாரண்டுகளைக் கவனிக்கும் நாசர் பிரிவுக்குப் போகும். அங்கிருந்து, அதை நேரில் போய் நிறைவேற்றும் நீதிமன்ற ஊழியரான ஆமீன் கைக்கு வரும். இந்த இடத்தில்தான் சொத்து விவரத்தின் அருமை தெரியும். வழக்கு மனுவின் கடைசிப் பக்கத்தில், பெரும்பாலும் அவசரத்தில் தட்டச்சு செய்யப்படும் அந்தப் பத்திதான் வாரண்டில் அப்படியே இடம்பெறும். கதவு எண் மாறியிருக்கும். பழைய சர்வே எண்ணுக்குப் பதிலாக ரீசர்வே எண் வந்திருக்கும். நான்கெல்லையில் வடக்கே இன்னாரின் புரையிடம் (வீட்டுமனை) என்று எழுதியிருக்க, அந்த இன்னார் இறந்து, புரையிடம் நாலு பாகமாகப் பிரிந்து, அங்கே மூன்று மாடிக் கட்டடம் நிற்கும். வாடகை வீடு தரைத்தளம் மட்டும் என்றால் அதை எழுதியிருக்க வேண்டும். பின்பக்கக் கழிவறையும் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமையும் அதில் சேருமா என்பதையும் எழுதியிருக்க வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் 1956க்கு முந்திய மூல ஆவணம் மலையாளத்தில் இருக்கும்; அதிலிருந்து எடுத்தெழுதும்போது எல்லை விவரம் பிசகியிருப்பதும் உண்டு. சொத்தை அடையாளம் காண இயலவில்லை என்று ஆமீன் வாரண்டைத் திருப்பி அனுப்பிவிட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவின்கீழ்த் தீர்ப்பாணையைத் திருத்த மனுப் போட்டு, திருத்தம் வாங்கி, மீண்டும் பேட்டாவிலிருந்து தொடங்க வேண்டும். வழக்கின் உயிர் வாதத்தில் இருப்பதாக வழக்கறிஞர்கள் நினைப்பார்கள்; குமாஸ்தாக்களைக் கேட்டால் சொத்து விவரத்தில் இருக்கிறது என்பார்கள். நான் குமாஸ்தாக்களின் கட்சி.

ஆமீன் போகும் நாளில் மனுதாரரோ அவர் அனுப்பும் ஆளோ உடனிருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் இடத்தை அடையாளம் காட்டுவார்; எல்லைத் தகராறு இருக்குமென்றால் சர்வேயரும் வருவார். உள்ளே இருப்பவரிடம் வாரண்டைக் காட்டி வெளியேறச் சொல்வார்கள். அவர் இணங்கினால் சாமான்களை எடுக்க அவகாசம் கொடுத்து, கட்டடத்தை ஒழித்து, பூட்டிச் சாவியை மனுதாரரிடம் ஒப்படைத்து, சாட்சிகளின் கையெழுத்தோடு அறிக்கை எழுதுவார்கள். கதவு பூட்டியிருந்தாலோ, உள்ளே இருப்பவர் திறக்க மறுத்தாலோ, ஆமீன் தம் விருப்பத்துக்குப் பூட்டை உடைப்பதில்லை. இங்குள்ள நடைமுறையில் அந்த நிலையை எழுதித் திருப்பி அனுப்புவார். பூட்டை உடைக்கவும் காவல்துறைத் துணைக்கும் தனித்தனியே மனுப் போட்டு உத்தரவு வாங்கி இரண்டாம் முறை போவார்கள். கதவை உடைக்கும் முன் எச்சரிக்கை கொடுக்க வேண்டும், பொதுவெளிக்கு வராத வழக்கமுடைய பெண்கள் உள்ளே இருந்தால் அவர்கள் ஒதுங்கிச் செல்ல வசதி செய்ய வேண்டும் என்று அதே 21ஆம் கட்டளையின் 35ஆம் விதியில் இன்றும் இருக்கிறது. விட்டுச்சென்ற பொருள்களுக்குப் பட்டியல் எடுக்க வேண்டும். கடை என்றால் இந்தப் பட்டியலே ஒரு நாளை விழுங்கிவிடும். ஒரு பாத்திரக்கடையைக் காலி செய்த நாளில் கரண்டிகளை எண்ணி முடிக்கும்போது தெருவிளக்கு எரிந்துவிட்டது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஆனி மாதத்து மழையில் ஒரு குடும்பத்தின் மெத்தைகளை நடைபாதையில் இறக்கிவைப்பதைப் பார்த்தவர்கள் சட்டம் எவ்வளவு சரியாக இருந்தாலும் மனம் கசந்தே திரும்புவார்கள். தார்ப்பாய் ஒன்றை முன்கூட்டியே வாங்கிவைக்கும்படி மனுதாரர்களிடம் நான் சொல்வதுண்டு.

வாசலில் மூன்றாவது ஆள் ஒருவர் எழுந்து நிற்பது இந்த வழக்குகளின் தனிக்கலை. வாடகைக்கு இருந்தவரின் தம்பியோ கூட்டாளியோ, நான் வேறு வாடகைதாரர், என்மேல் வழக்கே இல்லை என்று சொல்வார். ஆமீன் அங்கே நீதிபதியாகிவிட முடியாது. தடை நேர்ந்ததை எழுதிக்கொண்டு திரும்புவார். மனுதாரர் 97ஆம் விதியின்கீழ்த் தடையை அகற்ற மனுப் போட வேண்டும். அந்த மூன்றாம் ஆளின் உரிமையையும் அதே நீதிமன்றமே விசாரித்து முடிவு செய்யும். தனி வழக்குக்கு இடமில்லை என்று 101ஆம் விதி சொல்கிறது. நியாயமான காரணமின்றித் தடுத்தது உறுதியானால் முப்பது நாள்வரை உரிமையியல் சிறை உண்டு. முதன்மை வாடகைதாரரிடமிருந்து உள்வாடகைக்கு எடுத்தவர், முதன்மையானவர்மேல் வந்த தீர்ப்பாணைக்கு அநேகமாகக் கட்டுப்பட்டவரே. வேறு வகையும் உண்டு: தீர்ப்பாணைக்குக் கட்டுப்படாத உண்மையான வாடகைதாரர் ஒருவர் உள்ளே இருந்தால், 36ஆம் விதிப்படி வாரண்டின் நகலை வாசலில் ஒட்டி, தமுக்கடித்து அறிவித்து, பெயரளவில் மட்டும் சுவாதீனம் கொடுப்பார்கள். தமுக்கு என்பது கேலியன்று. விதியில் அப்படியே இருக்கிறது.

இவ்வளவு நீண்ட பாதையைக் கேட்டதும் வீட்டுக்காரர்களின் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான். ஒருவர் தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: “அண்ணாச்சி, தீர்ப்புதான் வந்தாச்சில்லா, இனி நாமளே போயி வேற பூட்டு போட்டா என்ன?” போடக் கூடாது என்பதே விடை. ஒருவரைச் சட்டவழியில் அல்லாமல் சுவாதீனத்திலிருந்து வெளியேற்றினால், அவர் ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடுத்து மீண்டும் உள்ளே வரலாம். அந்த வழக்கில் வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே எழாது, அதன் தீர்ப்பாணைக்கு மேல்முறையீடும் கிடையாது. மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டித்து நெருக்குவதைப் புதிய சட்டம் 20ஆம் பிரிவில் தடை செய்கிறது. வாடகை அதிகாரியிடம் முறையிட்டு இணைப்பை மீட்கலாம். காவல் நிலையத்தில் பேசி முடித்துவிடலாம் என்ற எண்ணத்துக்கும் சட்ட அடிப்படை இல்லை. நீதிமன்றம் காவல் துணை கேட்டு உத்தரவிட்டால், ஆமீனுக்குப் பாதுகாப்பாக வருவதே காவலர்களின் வேலை. வீட்டைக் காலி செய்வித்துச் சாவியை வாங்கித் தருவது அவர்கள் வேலையன்று. இந்தச் சட்டங்களில் எனக்குப் பல குறைகள் தெரியும் என்றாலும், பூட்டைத் தொடும் உரிமையை நீதிமன்ற ஊழியருக்கு மட்டும் கொடுத்திருப்பது குறையில்லை என்றே கருதுகிறேன். இன்று வீட்டுக்காரரின் கையை அது கட்டுகிறது. வேறொரு நாளில் அவரே வேறோர் ஊரில் வாடகைக்கு இருக்கும்போது அவருடைய கதவையும் அதுதான் காக்கும்.

ஒருதலைப்பட்சமாக, எதிர்த்தரப்பு வராமலே பெற்ற தீர்ப்பாணையை வைத்துக்கொண்டு சுவாதீனம் எடுத்தவர்கள் உடனே இடித்துக் கட்டத் துணிவது ஆபத்தானது. அழைப்பாணை முறையாகச் சேரவில்லை என்று காட்டித் தீர்ப்பாணையை நீக்கிவிட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின்கீழ் பழைய நிலைக்கே திருப்பித் தரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடும். தீர்ப்பாணையை நீக்கக் கோரும் மனுவை, தீர்ப்பாணையைப் பற்றி அறிந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் போட வேண்டும் என்பதைக் குடியிருந்தவரும் நினைவில் வைக்க வேண்டும்.

என் அனுபவத்தில், சாவி அமைதியாகக் கைமாறிய வழக்குகள் பெரும்பாலும் சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் முடிந்தவை. பாக்கி வாடகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, ஆறு மாதமோ எட்டு மாதமோ அவகாசம் கொடுத்து, நாள் குறித்துக் கையெழுத்து வாங்கிவிட்டால், அந்தத் தீர்வு தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடும் இல்லை. தவறினால் நேரே இ.பி. போடலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத வாடகைதாரர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பைப் பாராமலே இலவச உதவி கிடைக்கும் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டத்தில் உள்ளது. இதைக் கேள்விப்படாமலே எத்தனையோ பேர் வாய்தாவுக்கு வராமல் இருந்து வீட்டை இழக்கிறார்கள்.

சாவி வந்த பிறகும் கட்டு மூடப்படுவதில்லை. ஆமீனின் அறிக்கை நீதிமன்றத்துக்கு வந்து, சுவாதீனம் ஒப்படைக்கப்பட்டது என்று பதிவான பிறகே சுவாதீனத்தைப் பொறுத்தவரை இ.பி. முடிகிறது, அந்தப் பதிவின் சான்று நகலை உடனே வாங்கிவைப்பது நல்லது, மின் இணைப்பிலும் வரிப் பதிவிலும் பெயர்த் தகராறு வந்தால் அது உதவும். வாடகைப் பாக்கிக்கும், கெடு கடந்து இருந்த காலத்துக்கான இழப்பீட்டுக்கும் தீர்ப்பாணையில் இடமிருந்தால் அதற்குத் தனியே பற்றுகை நடவடிக்கை எடுக்க வேண்டும். வீட்டுக்காரரின் பக்கத்திலும் ஒரு கடன் மிஞ்சும். மாறான உடன்பாடு இல்லையென்றால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்று புதிய சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியையும் சேதத்தையும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. வென்றவர்கள் இந்தக் கடைசிக் கணக்கைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். காலி செய்து போனவர் அதைக் கேட்டு அறிவிப்பு அனுப்பும்போது, மூடிக் கட்டிவைத்த அதே கட்டை அலமாரியிலிருந்து மீண்டும் இறக்க வேண்டியிருக்கிறது.